சோப்பு யார் பக்கம்?

பருவத்தின் முதல் நாள், முதல் மணி. மாடி வராந்தாவின் கோடியில் இருந்த வகுப்பறைக்கு முன்னால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் வந்து நின்றார்கள்.

அவள் கையில் கண்ணாடிக் குடுவைகள் அடுக்கிய தட்டு. அவன் கையில் சுருட்டிய வரைபடம். அவள் தோளால் கதவைத் தள்ளப் போன நொடியில் அவன் கைப்பிடியைத் திருப்பினான். கதவு சட்டென்று திறந்துகொள்ள, தட்டு சாய்ந்தது. ஒரு குடுவை விளிம்புக்கு உருண்டு வந்தது... அவன் வரைபடத்தைக் கீழே போட்டுவிட்டு அதைப் பிடித்தான்.

"தேங்க்ஸ்" என்றாள். பிறகு, அதோடு விஷயம் முடிந்தது என்ற குரலில், "இது என் கிளாஸ்" என்றாள்.

"என் கிளாஸும்தான்" என்றான் அவன்.

அப்போதுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். உதடு சிரிப்பதற்கு முன்னாலேயே சிரித்துவிடுகிற கண்கள்... இப்படிப்பட்ட கண்கள் உள்ளவர்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் வேதியியல் ஆசிரியை. அவன் வரலாற்று ஆசிரியன். அந்தக் கல்லூரியில் புதிதாக ஒன்றைச் செய்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாண்டு மாணவர்களில் ஒரு சிறு கூட்டத்தைச் சேர்த்து, ஒரே பொருளை இரண்டு துறைகளின் வழியாகப் படிக்க வைப்பது. இரண்டு ஆசிரியர்கள், இரண்டு பாடங்கள், ஒரே மாணவர்கள். அந்த ஆண்டுக்குத் தேர்ந்தெடுத்த பொருள் சோப்பு. சோப்பு எப்படி அழுக்கை எடுக்கிறது என்பது வேதியியல். மனிதன் எப்போதிலிருந்து, ஏன் கை கழுவ ஆரம்பித்தான் என்பது வரலாறு. இதைத் திட்டமிட்ட வேதியியல் ஆசிரியை பிரசவ விடுப்பில் போய்விட்டதால், கடைசி நேரத்தில் அந்த வகுப்பு இவளிடம் வந்து சேர்ந்தது. அவனையோ இந்த வகுப்புக்காகவே ஒரு பருவத்துக்கு மட்டும் எடுத்திருந்தார்கள். அலுவலகத்தில் நேர அட்டவணை தட்டச்சு செய்தவர், இணை வகுப்பு என்றால் இருவரும் ஒரே நேரத்தில் ஒரே அறையில் நடத்துவார்கள்போல என்று தன் பங்குக்கு முடிவு செய்துவிட்டார்.

யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. அவள் கரும்பலகையின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தாள். வலது பக்கம் அவள் எழுதினாள்; இடது பக்கம் அவன் வரைபடத்தை மாட்டினான். மாணவர்கள் பந்தாட்டம் பார்ப்பவர்களைப் போலத் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டுக் கல்லூரி முதல்வர் எட்டிப் பார்த்தார். அதிகம் பேசாத, கண்டிப்பான பெண்மணி. கோட்டையும் பார்த்தார், இருவர் முகத்தையும் பார்த்தார்.

அன்று மதியமே அட்டவணையைத் திருத்தினார்கள். கூடவே முதல்வர் சில விதிகளையும் வைத்தார். ஒருவர் வகுப்பில் மற்றவர் கடைசி பெஞ்சில் மாணவரைப் போல உட்கார வேண்டும். வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் இருவரும் சேர்ந்து நடத்த வேண்டும். பாதிப் பருவம் முடிந்ததும் இருவரும் 'தொடரலாம்' என்று சொன்னால் வகுப்பு தொடரும். ஒருவர் வேண்டாம் என்றாலும் கலைந்துவிடும்; பிள்ளைகள் பெரிய அரங்கத்துக்கு, முந்நூறு பேர் நடுவே, போய்விடுவார்கள். வரலாற்று ஆசிரியன் எங்கே போவான் என்று யாரும் சொல்லவில்லை. கல்லூரி கல்லூரியாக ஒவ்வொரு பருவம் இருந்துவிட்டு வந்தவன் அவன். அவனுக்கே தெரிந்திருந்தது.

அலுவலகத் தாளில் அதற்குப் பெயர் இணை வகுப்பு. மாணவர்கள் வைத்த பெயர் ஜோடி வகுப்பு. அந்தப் பெயர் காதில் விழும்போதெல்லாம் அவள் முகம் இறுகியது. அவன் மட்டும் கேட்காததுபோல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பான்...

வாரங்கள் போயின. ஆசிரியர் அறையில் எதிரெதிரே உட்கார்ந்து பாடம் பிரித்தார்கள். உங்கள் பலகை எழுத்து அச்சடித்தது மாதிரி இருக்கிறது என்று ஒரு நாள் அவன் சொன்னான்.

"எனக்கே சோப்பு போடுறீங்களா சார்?"

"உங்களுக்குப் போட்டா நுரை வராதுன்னு தெரியும் மேடம். சும்மா முயற்சி பண்ணேன்."

அவள் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போகும் பேருந்தில், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

சிரித்ததை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் வேறு சிலவற்றைக் கவனிக்கத் தொடங்கியிருந்தாள். வகுப்பு முடிந்ததும் அடுத்து வருபவருக்காகப் பலகையைத் துடைத்துவிட்டுத்தான் போவான். காவலாளியைப் பெயர் சொல்லி விசாரிப்பான். கால் சரியில்லாத மாணவன் படியேறும்போது, தானும் ஏதோ யோசிப்பவனைப் போல மெதுவாக ஏறுவான். கடவுள் தம் வேலையில் பாதியை இந்த மாதிரி ஆட்களிடம்தான் ஒப்படைத்திருக்கிறார். அவர்களுக்கே அது தெரியாது.

வரலாற்று வகுப்பில் அவள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்ட ஒரு பாடம் அவளை விட்டுப் போகவில்லை. மருத்துவர்கள் கை கழுவாமலே பிரசவம் பார்த்த காலம் ஒன்று இருந்தது. கழுவினால் தாய்மார்கள் பிழைப்பார்கள் என்று சொன்னபோது பல மருத்துவர்கள் கோபித்துக்கொண்டார்கள். எங்கள் கையா அழுக்கு என்று கேட்டார்கள். அவன் குரலை உயர்த்தாமல் அதைச் சொன்னான்.

ஆனால் அவள் வகுப்பில் அவன் வேறு ஆளாக இருந்தான். சோப்பின் மூலக்கூறைப் பலகையில் வரைந்து, அதன் ஒரு முனை தண்ணீரையும் மறுமுனை எண்ணெயையும் பிடித்துக்கொள்ளும் என்று அவள் விளக்கிய அன்று, கடைசி பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது. அவன் கை.

"மேடம், ஒரு சந்தேகம். எண்ணெயும் தண்ணியும் சேராதுன்னு சொன்னீங்க. அப்போ சோப்பு யாரு பக்கம்?"

வகுப்பே சிரித்தது. அவள் மறுபடி விளக்கினாள். கை மறுபடி உயர்ந்தது. இன்னும் பிடிபடவில்லையாம். அடுத்த வகுப்பிலும் அப்படியே. அதற்கடுத்த வகுப்பிலும். அவள் ஒவ்வொரு முறையும் பொறுமையாகச் சொன்னாள். பொறுமைக்கு அடியில் வேறு ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. 'புரிந்துகொள்ள முடியாதவரா இவர்? என்னைச் சோதித்துப் பார்க்கிறாரா?'

ஆசிரியர் அறையில் ஒருவர் சும்மா கிண்டலாகத்தான் சொன்னார்: "என்ன மேடம், உங்க பாடம் ஹிஸ்டரி சாருக்கே புரியலையாமே?" மற்றவர்கள் சிரித்தார்கள். அவளுக்குச் சுருக்கென்றது. நன்றாகப் பாடம் நடத்துகிறவள் என்பதைத் தவிர அவள் தனக்கென்று பெருமையாக எதையும் வைத்துக்கொண்டதில்லை. அதிலேயே கை வைத்துவிட்டான்...

வீட்டில் அவளும் அக்காவும்தான். அக்கா மருத்துவமனையில் நர்ஸ். ஷிப்ட் முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தவளிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"ஒரு வாரமா இந்த ஆள் பேச்சுதான் ஓடுது. முன்னெல்லாம் நீ அமிலம், காரம்னு பேசுவே. அதுவாவது புரியாம இருந்துச்சு" என்றாள் அக்கா.

"அக்கா, நான் கோவமா இருக்கேன்."

"தெரியுதுடி. ரொம்ப அக்கறையா கோவமா இருக்கே."

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் ஆசிரியர் அறையில் யாரும் இல்லாத நேரத்தில் அவன் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

"சார், இனிமே என் கிளாஸுக்கு வராதீங்க."

அவன் எழுந்து நின்றான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். அந்த நேரம் திறந்திருந்த கதவு வழியே மாணவிகள் சிலர் வராந்தாவில் கடந்து போனார்கள். அவன் பார்வை அவர்கள் பக்கம் போய்த் திரும்பியது. சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டான்.

"மன்னிச்சுக்கங்க மேடம். வரல."

சண்டைக்குத் தயாராக வந்தவளுக்கு அந்த ஒரு வார்த்தை போதவில்லை. கோபம் இறங்க இடமில்லாமல் அப்படியே முதல்வர் அறைக்குப் போனாள். வகுப்பைத் தொடர விருப்பமில்லை என்று சொன்னாள். முதல்வர் காரணம் கேட்கவில்லை.

"அவருக்கு இந்த ஒரு கிளாஸ்தான்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும் மேடம்."

"வெள்ளிக்கிழமை நானே வந்து உக்காந்து பாக்குறேன். அதுக்கப்புறமும் இதுதான் உங்க பதில்னா, சரி."

வெளியே வந்தபோது அவளுக்கு ஜெயித்ததுபோல் இருந்திருக்க வேண்டும். இல்லை. பேனாவை எங்கோ மறந்து வைத்துவிட்டு வந்தவளைப் போல இரண்டு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

அவன் சொன்னபடியே வரவில்லை. கடைசி பெஞ்சில் இப்போது ஒரு மாணவி மட்டும். குடும்பச் சூழலால் ஒரு வருடம் படிப்பை விட்டுவிட்டு மறுபடி சேர்ந்த பெண். வகுப்பில் அவள் குரலை யாரும் கேட்டதில்லை. பிள்ளைகள் அவளுக்கு மியூட் என்று பெயர் வைத்திருந்தார்கள். நாளாவட்டத்தில் அவளே அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

அன்று ஆய்வகத்தில் சோப்பு காய்ச்சும் பயிற்சி. எல்லோரும் கலக்கிக்கொண்டிருக்க, மியூட் மட்டும் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு கதவைப் பார்த்தபடி நின்றாள்.

என்ன விஷயம் என்று பக்கத்தில் போய்க் கேட்டாள் ஆசிரியை. அந்தப் பெண்ணின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. குனிந்து காதைக் கொடுத்த பிறகுதான் கேட்டது.

"சார் வரமாட்டாரா மேடம்?"

"ஏம்மா?"

"ஒரு சந்தேகம்..."

"எங்கிட்டயே கேளேன்."

"உங்ககிட்ட சார்தான் கேப்பாரு மேடம். நான் சார்கிட்ட சொல்லுவேன்."

ஆசிரியை அந்தப் பெண்ணின் கையிலிருந்த குச்சியை வாங்கித் தானே கொஞ்ச நேரம் கலக்கினாள். சோப்பு யார் பக்கம் என்று கேட்டதும் நீதானா என்று மெல்ல விசாரித்தாள். ஆமாம் என்று தலையசைந்தது. எல்லோரும் சிரித்தார்களே என்றதற்கு அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"சாரைப் பாத்துத்தான மேடம் சிரிச்சாங்க."

அந்த ஒரு வாக்கியத்தை ஆசிரியை நெடுநேரம் சுமந்துகொண்டு நடந்தாள். கதவைப் பார்த்துவிட்டு அவன் ஏன் பேச்சை விழுங்கினான் என்பது இப்போது புரிந்தது. மாணவியைக் காட்டிக்கொடுக்காமல், தன்னைப் பற்றி என்ன நினைத்தாலும் நினைக்கட்டும் என்று நின்றிருக்கிறான். இவளோ அவனுடைய வேலையையே எடுத்துவிட வழி செய்துவிட்டு வந்திருக்கிறாள்.

நூலகத்தில் அவனைத் தேடிப் பிடித்தாள். வழியெல்லாம் கோத்து வைத்திருந்த வார்த்தைகள் அவன் நிமிர்ந்ததும் கலைந்துபோயின. பாழாய்ப்போன கண்கள்...

"வெள்ளிக்கிழமை..." என்று ஆரம்பித்தாள்.

"வர்றேன் மேடம். முதல்வர் சொன்னாங்க."

அவள் தலையாட்டிவிட்டுத் திரும்பினாள். மன்னிப்பு ஒரு சின்னச் சொல்தான். தொண்டை வரைக்கும் வந்துவிட்டு, கௌரவம் குறுக்கே நிற்கிறது என்று திரும்பிப் போய்விடுகிறது.

வாயால் சொல்ல வராததைச் செய்து காட்டலாம் என்று அவள் முடிவு செய்தாள். வெள்ளிக்கிழமை மணி முழுவதையும் அவனுக்கே கொடுத்துவிடுவது. முதல்வர் அவன் பாடம் நடத்தும் அழகைப் பார்க்கட்டும். பார்த்தால் அனுப்ப மனம் வராது. அதனால் அவள் எதுவும் தயார் செய்யவில்லை. குடுவை கூட எடுத்துக்கொள்ளவில்லை. இதை அவனிடம் சொல்ல வேண்டும் என்று மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் நேராகப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் அவன் வெறுங்கையோடு உள்ளே வந்தான். பலகைப் பக்கம் திரும்பாமல் நேராக வந்து அதே பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தான். நடுவில் மியூட்.

முதல்வர் வந்து ஜன்னலோர நாற்காலியில் அமர்ந்தார். பலகை வெறுமையாக இருந்தது. பிள்ளைகள் முன்னால் பார்த்தார்கள், பின்னால் பார்த்தார்கள். 'ஏன் எழுந்து போகமாட்டேன் என்கிறார்?' என்று அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். அவனும் அதே கேள்வியோடு இவளை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னைக்கு யாரு கிளாஸ் எடுக்குறது?" என்று கேட்டார் முதல்வர்.

"அவர்" என்றாள் அவள். "அவங்க" என்றான் அவன். இரண்டும் ஒன்றாகவே வந்தன.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. முதல்வர் சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

எழுந்து முன்னால் போய் எதையாவது நடத்திச் சமாளிக்க அவளால் முடியும். ஆனால் அவள் அப்படிச் சமாளித்தால், தயாரில்லாமல் வந்தவன் என்ற பெயர் அவனுக்கு நிற்கும். அவள் 'தொடரலாம்' என்று சொன்னாலும் அவன் போகவே வேண்டியதாகிவிடும். கடவுளே, ஒரு வழி காட்டு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். வழியென்று எதுவும் தெரியவில்லை. கை மட்டும் தானாக உயர்ந்தது.

"சார், ஒரு சந்தேகம்."

அவன் திரும்பினான்.

"கை கழுவுங்கன்னு சொன்னதுக்கு அந்த டாக்டருங்களுக்கு ஏன் அவ்வளவு கோவம்? நல்லதுக்குத்தான சொன்னாங்க?"

எதைக் கேட்கிறாள் என்று அவன் அவள் முகத்தில் படித்தான்.

"தங்களோட வேலையை உயிரா நெனச்சவங்க மேடம் அவங்க. அதுல குறைன்னு சொன்னா வலிக்கும்ல. அவங்க கெட்டவங்க இல்ல. யாராவது பக்கத்துல உக்காந்து பக்குவமா சொல்லிருந்தா கேட்டிருப்பாங்களோ என்னவோ. சொல்ற விதத்துலயும் தப்பு இருந்துருக்கலாம்."

"இல்ல சார். தப்பு கோவப்பட்டவங்க மேலதான்" என்றாள் அவள்.

பிள்ளைகளுக்கு என்ன புரிந்ததோ, பெஞ்சுகள் கிறீச்சிட, ஒவ்வொருவராகக் கடைசி பெஞ்சைப் பார்த்துத் திரும்பினார்கள். அப்போது நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது. மெல்லிய குரல்தான். ஆனால் ஜன்னலோரம் வரைக்கும் கேட்டது.

"மேடம்... வெறும் தண்ணில நல்லா தேச்சுக் கழுவுனா போதாதா? சோப்பு எதுக்கு?"

மியூட். இரண்டு ஆசிரியர்களுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, யாரிடமும் சொல்லி அனுப்பாமல், நேராக அவளையே பார்த்துக் கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை. வேதியியல் ஆசிரியை உட்கார்ந்த இடத்திலிருந்தே, தன் இரண்டு கைகளையும் எண்ணெயாகவும் தண்ணீராகவும் வைத்துக்கொண்டு பதில் சொன்னாள். முன்வரிசைப் பையன் ஒருவன், கிருமி என்று ஒன்று இருப்பதே தெரியாத காலத்தில் கழுவினால் நல்லது என்று மட்டும் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டான். அதை வரலாற்று ஆசிரியன் எடுத்துக்கொண்டான். கேள்வி இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே... எது வேதியியல், எது வரலாறு என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. மணி அடித்ததே ஒரு தொந்தரவாக இருந்தது.

பிள்ளைகள் கலைந்த பின் முதல்வர் ஆசிரியர்கள் இருவரிடமும் வந்தார்.

"மேடம், நீங்க அன்னைக்கு ஒண்ணு சொன்னீங்களே..."

"தொடரணும் மேடம். அன்னைக்கு நான் அவசரப்பட்டுட்டேன்."

முதல்வர் தலையசைத்தார். வாசல் வரை போனவர் நின்று, அடுத்த பருவத்துக்கும் சேர்த்து ஆணை தட்டச்சு செய்யச் சொல்வதாக அவனிடம் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த முறை யார் நடத்துவது என்பதை மட்டும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளும்படி இருவருக்கும் பொதுவாகச் சொன்னார். அப்போதும் அவர் சிரித்ததாகத் தெரியவில்லை.

வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. வராந்தாவின் கைப்பிடிச் சுவரில் விழுந்த துளிகள் பொடிப்பொடியாகத் தெறித்து அவள் முகத்தில் பட்டன. அவள் துடைத்துக்கொள்ளவில்லை. இதற்கு மேல் தள்ளிப்போட்டால் வாழ்நாளில் சொல்ல மாட்டோம் என்று தோன்றியது.

"சார்... கிளாஸ் வேண்டாம்னு முதல்வர்கிட்ட சொன்னது நான்தான். உங்க வேலை போகும்னு தெரிஞ்சே சொன்னேன்."

"தெரியும் மேடம்."

அவள் திடுக்கிட்டுப் பார்த்தாள்.

"முதல்வர் எங்கிட்டயும் சொன்னாங்க."

"தெரிஞ்சுமா இன்னைக்கு மணியை எனக்கு விட்டுக்கொடுத்தீங்க?"

"எப்படியும் போகப் போறேன். போறப்ப உங்க மனசு நோகாமப் போகலாம்னு தோணுச்சு." அவன் மழையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நீங்க நடத்துறதை முதல்வர் ஒரு தடவை உக்காந்து கேட்டா போதும், யார் கிண்டல் பண்ணாலும் எடுபடாதுன்னு நெனச்சேன். உங்க கிளாஸ்ல எனக்குப் புரியாதது எதுவும் இல்ல மேடம். ஒரு தடவை சொன்னாலே புரியும், அவ்வளவு அழகா சொல்லுவீங்க. அதை உங்ககிட்ட சொல்ல முடியாமப் போயிடுமோன்னுதான் ரெண்டு நாளா தூக்கமில்ல."

அவள் கண்கள் நிறைந்துவிட்டன. மழைதான் என்று சொல்லிக்கொள்ளலாம்...

"இன்னும் ஏதோ இருக்கு. சொல்லுங்க" என்றாள் மெதுவாக.

"இருக்கு. ஆனா ஊர் ஊரா மாறிக்கிட்டு இருக்கிறவன் அதை எப்படிச் சொல்றது? வேலை நிலைச்சா சொல்லலாம், இல்லாட்டி சொல்லாமலே கிளம்பிடலாம்னு இருந்தேன்."

"வேலை போயிருந்தா சொல்லியே இருக்கமாட்டீங்களா?"

"மாட்டேன்."

"என்ன மனுஷன் சார் நீங்க?" அவளுக்கு மெய்யாகவே கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் இருந்த தைரியத்தை அப்படியே பிடித்துக்கொண்டாள். "வேலை இருந்தாலும் போனாலும் எனக்கு உங்களைத்தான் பிடிச்சிருக்கு. போதுமா?"

அவன் உதடு இன்னும் சிரிக்கவில்லை. கண்கள்...

"எப்போலேருந்து?" என்றான்.

"அது உங்க பாடம். காலம், தேதியெல்லாம் நீங்கதான் கண்டுபிடிக்கணும்."

"என்னோடது எனக்குத் தெரியும்" என்றான் அவன். "குடுவையைப் பிடிச்சுக் கையில கொடுத்தப்போ, தேங்க்ஸ்னு சொல்லிட்டு, மூச்சு விடறதுக்குள்ள இது என் கிளாஸ்னு சொன்னீங்களே... அப்போவே நான் வெளியே போயிருக்கணும் மேடம். போக மனசு வரல."